மனுவுக்கு வழிகாட்டும் நிபந்தனைகள்

அலுவலகத்திற்கு வந்த மனு எந்த அதிகாரியிடம் செல்லவேண்டும் என்பதை முன்னாளில் தலைமை எழுத்தர் தீர்மானித்தார். இன்று அப்பணி பல இடங்களில் கணினியைச் சார்ந்துள்ளது. கணினிக்கு ஊகம் கிடையாது. நாம் எழுதிவைத்த நிபந்தனைகளே அதற்கு வழிகாட்டி. அவற்றை அமைக்கும் முறையைப் பிறப்புப் பதிவின் வாயிலாகக் காண்போம்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பெற்றது. அதன்படி கணினி கேட்கவேண்டிய முதற் கேள்வி, 'எங்கே பிறந்தது?' என்பதாகும். பெற்றோர் தில்லியில் வாழினும், தாய்வீடாகிய மதுரையில் பிறந்த குழந்தையை மதுரையிலேயே பதிதல் வேண்டும்.

அடுத்த கேள்வி, 'எத்தனை நாள் ஆயிற்று?' என்பது. 21 நாள் வரை பதிவாளரே கட்டணமின்றிப் பதிவார். அதன்பின் 30 நாள் வரை, தாமதக் கட்டணம் பெற்று அவரே பதிவார். 30 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள்ளாயின், மாவட்டப் பதிவாளர் அல்லது அதற்கென அமைந்த அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி தேவை. ஓராண்டு கடந்தால் மாவட்ட மாஜிஸ்டிரேட், உட்கோட்ட மாஜிஸ்டிரேட், அல்லது மாவட்ட மாஜிஸ்டிரேட்டின் அதிகாரம் பெற்ற நிர்வாக மாஜிஸ்டிரேட் உத்தரவிடவேண்டும்.

வழிகள் நான்கே எனினும், எல்லைகளில்தான் இடர் உண்டாகிறது. இரண்டாம் வழிக்கு '30க்குக் குறைவு' என்றும், மூன்றாம் வழிக்கு '30க்கு மேல்' என்றும் எழுதிவிட்டால், முப்பதாம் நாள் வந்த மனுவுக்கு வழியே இராது. இரண்டிலும் 30ஐச் சேர்த்தாலோ, ஒரே மனுவுக்கு இரு வழிகள் தோன்றும். ஆகவே ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு வழி, ஒரே வழி என்பதே அடிப்படை விதி. பிறந்த தேதி விளங்காத மனு எந்த நிபந்தனைக்கும் பொருந்தாது. அதனைத் தேங்கவிடாமல், நேரில் ஆராயும் ஓர் அதிகாரியிடம் சேர்க்கத் தனிவழி வேண்டும். 21, 22, 30, 31 ஆகிய நாட்களுக்கும், ஓராண்டு நிறைவுக்கும், அதற்கு மறுநாளுக்கும் மாதிரி மனுக்களை அனுப்பிச் சோதித்த பின்னரே ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொணர்தல் நன்று.

சட்டம் மாறினால் நிபந்தனையும் மாறவேண்டும். ஓராண்டு கடந்த பதிவுக்கு முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு தேவைப்பட்டது. பழைய நிபந்தனையைத் திருத்தாது விட்டால், கணினி பழைய இடத்திற்கே மனுவை அனுப்பிக்கொண்டிருக்கும்.

இது அலுவலகத்தாரின் கவலை மட்டுமன்று. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், அரசுப் பணி முதலியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாகும். பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் பிரசவம் நடந்த ஊரை விட்டுப் புறப்படுமுன், 21 நாட்களுக்குள் பதிவு முடிந்ததா என்று கேட்டறிவது நலம். முதல் வழியே சுருக்கமான வழி.