ஒரு மணி நேரத்துக்கு 1,500 டாலர்: ருவாண்டாவின் கொரில்லா கணக்கு யாருக்கு லாபம்?

காலை 7 மணிக்கெல்லாம் கினிகியில் உள்ள பூங்கா அலுவலகத்தில் ஆஜராகணும். சளி, இருமல் இருந்தால் மலையேற அனுமதி இல்லை. மனிதர்களின் சளி கொரில்லாவுக்கும் தொற்றிவிடும். பிறகு சேறு, மூங்கில் காடு, ஜீன்ஸையும் தாண்டிச் சுள்ளென்று அரிக்கும் செந்தட்டிச் செடி. ஏறி முடிக்க ஒரு மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். கொரில்லாக் குடும்பத்தைக் கண்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். சரியாக 60 நிமிடம்தான். ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் இதற்கு வெளிநாட்டவர் கட்டணம் 1,500 டாலர்.

2017 மே மாதம்வரை இது 750 டாலர். அப்படியே இரட்டிப்பாக்கிவிட்டார்கள். பக்கத்து நாடான உகாண்டாவில் 800 டாலருக்கே பார்த்துவிடலாம்.

ஏன் இவ்வளவு விலை?

ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு 8 பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரே தடவை. கூட்டத்தைக் கூட்டிச் சம்பாதிக்க வழியில்லை. எனவே ருவாண்டா விலையை ஏற்றியது. 8 பேர் வந்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 12,000 டாலர்!

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ருவாண்டா, உகாண்டா, காங்கோ எல்லையில் உள்ள விருங்கா மலைத்தொடரில் 1980களின் தொடக்கத்தில் சுமார் 250 மலைக் கொரில்லாக்களே இருந்தன. 2018இல் வெளியான கணக்கெடுப்பில் 604. முன்பு வேட்டையாடிய சிலர், இன்று பயணிகளின் பையைத் தூக்கும் போர்ட்டர்கள்.

ஊருக்கு என்ன கிடைக்கிறது?

பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் 5 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2017இல் அது 10 ஆனது. பள்ளி, சுகாதார மையம், தண்ணீர்த் தொட்டி என அந்தப் பணம் செலவாகிறது. நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடம் ஊருக்கே பொது. காட்டெருமை மிதித்து நாசமாக்கிய உருளைக்கிழங்கு ஒரே ஒரு வீட்டுக்காரருடையது. இழப்பீட்டுக்கெனத் தனி நிதி இருந்தாலும், பணம் கைக்கு வரத் தாமதமாகிறது என்பது விவசாயிகளின் பழைய புகார்.

சிக்கல் எங்கே?

இடத்தில்தான். பூங்காவின் பரப்பு வெறும் 160 சதுர கி.மீ. 1960களின் இறுதியில் காட்டின் கணிசமான பகுதியை அழித்துப் பைரெத்ரம் பயிரிட்டார்கள் (கொசுவர்த்தியில் சேர்க்கப்படும் அதே பூ). இப்போது கொரில்லாக்கள் பெருகியதால், பூங்காவை ஏறக்குறைய கால் பங்கு விரிவாக்க அரசு திட்டமிடுகிறது. அந்த நிலத்தில் இன்று ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன.

மாற்று ஏற்பாடு இல்லாமல் இல்லை. கினிகியில் 2021இல் திறக்கப்பட்ட மாதிரிக் கிராமத்தில் அடுக்குமாடி வீடு, மின்சாரம், பள்ளி எல்லாம் உண்டு. எரிமலை மண்ணில் உருளைக்கிழங்கு விளைவித்துப் பழகியவர்கள் கேட்பது வேறு: வீடு சரி, வயல் எங்கே?