ஒரே வட்டில் நியூயோர்க் போன நாவல்

தம்புள்ளை குகைக் கோயில் பாறையில் நின்றால், வானம் தெளிந்த நாளில் சீகிரியா கண்ணுக்குத் தெரியும். அந்தக் குன்றை 'யக்ககல' என்ற பெயரில் அறிவியல் புனைகதைக்குள் கொண்டுபோனவர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் காலமானவர். 1979இல் வெளிவந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில், பூமியிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி அமைக்கிறார்கள். அது மத்தியகோட்டில்தான் நிற்க முடியும் என்பதால், கதைக்காக நம் தீவையே அவர் தெற்கே நகர்த்திவிட்டார்.

அடுத்து 1982இல் வந்த '2010: ஒடிசி டூ' பிறந்த விதம் இன்னும் சுவையானது. 'ஆர்கைவ்ஸ் III' என்ற நுண்கணினியில் 'வேர்ட்ஸ்டார்' மென்பொருளைக் கொண்டு எழுதியதாகக் கிளார்க்கே நூலில் பதிந்திருக்கிறார். முழு நாவலும் ஒரேயொரு ஐந்து அங்குல பிளொப்பி வட்டில் கொழும்பிலிருந்து நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரைநிலையம் வழியாக, இந்து சமுத்திரத்தின் மேலிருந்த இன்டெல்சாட் V செய்மதியில் ஏறிப் போயின. ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகளால் உலகை இணைக்கலாம் என்று 1945இல் எழுதியவரும் இவரே. தான் முன்மொழிந்த பாதையிலேயே அவருடைய எழுத்தும் பயணித்தது!

நாவலைப் படமாக்க முன்வந்தவர் இயக்குநர் பீற்றர் ஹயம்ஸ். லொஸ் ஏஞ்சலிசில் அவர், கொழும்பில் கிளார்க். இருவரிடமும் 'கேப்ரோ II' கணினிகள். தொலைபேசி இணைப்பில் மொடம் மூலம் கடிதங்கள் போய்வந்தன. ஒருவர் உறங்கும்போது மற்றவர் வேலை செய்தார். அந்தக் கடிதங்கள் பின்னர் 'தி ஒடிசி ஃபைல்' என்ற நூலாயின.

கேப்ரோவுக்கு இருந்தது 64 கிலோபைட் நினைவகம், 9 அங்குலப் பச்சைத் திரை. அக்காலத்தில் பரவலாக இருந்த 300 பாட் மொடம், நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளையே அனுப்பும். 2,000 எழுத்துள்ள பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். எழுத்தாளருக்கு அது போதும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்தான் இடம். வேர்ட்ஸ்டாரோ நீண்ட ஆவணத்தை வட்டிலேயே வைத்துக்கொண்டு, தேவையான பகுதியை மட்டும் நினைவகத்துக்கு எடுக்கும். விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமலே எல்லாம் செய்யலாம். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் கணினியுலகம் எவ்வளவோ மாறிய பின்பும் வேர்ட்ஸ்டாரை விடாததற்கு இந்தத் தடையில்லாத எழுத்தோட்டமே காரணமாக இருக்க வேண்டும்.

அக்காலக் கணினிகளின் பணி எழுத்தோடு நிற்கவில்லை. பிரித்தானியப் பள்ளிகளில் பரவலாக இருந்த பிபிசி மைக்ரோ கணினியில், பேசிக் நிரல்மொழியில் ஒரு புதிய செயலியை ஒத்திகை பார்த்தார் பொறியாளர் சோஃபி வில்சன். 1985இல் சில்லாக உருவான அந்த 'ஆர்ம்' செயலியின் வாரிசுகள்தாம் இன்று நம் கைபேசிகளில் இயங்குகின்றன. ஜொட்ரல் பாங்க் வானாய்வகத்தில் ஒரு வானொலித் தொலைநோக்கியைத் திருப்பும் வேலையை 2004இலும் பிபிசி மைக்ரோ செய்துகொண்டிருந்தது.

ஆகவே, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கணினியை இலேசாக எண்ண வேண்டாம். யாரோ அதில் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பு பிளொப்பிகளில் காந்தப் பதிவாக இருக்கிறது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பூஞ்சை படர்ந்து வட்டின் காந்தப் பூச்சு கெடும். எனவே முதலில் வட்டுகளைப் பிரதியெடுங்கள். கணினியை என்ன செய்வதென்று பிறகு முடிவெடுக்கலாம்.