பழைய மோட்டார் வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

நம் சங்கங்களின் அங்கத்தினர் பலர் இன்று சொந்த வண்டி வைத்துக்கொள்ள விரும்புகின்றனர். நூலையும் பாவையும் ஏற்றிவர நெசவாளரும், விடியுமுன் சந்தை சேர வேண்டிய காய்கறி விளைவிப்போரும் வாடகை வண்டியை நம்பியிருப்பதில் உள்ள சங்கடம் யாவரும் அறிந்ததே. புது வண்டிக்கு முதல் போதாதவர்கள் பழைய வண்டியைத் தேடுகின்றனர். இதில் குறை கூற ஒன்றுமில்லை. கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்வது என் உத்தியோகமாயினும், மோட்டார் வண்டிகளிடத்தில் இளமை முதலே தணியாத பற்றுடையவன் நான். நன்கு பேணப்பட்ட ஏழாண்டு வண்டி, தாங்கமுடியாத கடனில் வாங்கிய புது வண்டியைவிடச் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பழைய வண்டி வாங்குகிறவர், முன்னவர் அதைப் பேணிய பழக்கத்தையும் அவர் கையிலுள்ள பத்திரங்களையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதை மறக்கலாகாது.

கடனைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 'பிளாட்' வட்டி 10 விழுக்காடு என்று சொல்லக் கேட்டு மயங்க வேண்டாம். 3,00,000 ரூபாயை 3 ஆண்டுத் தவணையில் அவ்விதம் பெற்றால் வட்டி 90,000 ரூபாய். மாதத் தவணை 10,833 ரூபாய். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தும், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் போடப்படுகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 18 விழுக்காட்டு வட்டியாகும். குறையும் நிலுவைக்கே 10 விழுக்காடு என்றால் மொத்த வட்டி சுமார் 48,500 ரூபாயோடு நின்றுவிடும்.

இனி வண்டியைப் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் வந்த நாள் முதல், 'குட்டியானை' என்று நம் மக்கள் செல்லமாக அழைக்கும் சிறு லோடு வண்டிகள் கிராமத் தெருக்களிலும் நுழைந்துவிட்டன. அவ்வகை வண்டியாயினும் காராயினும் சோதிக்கும் முறை ஒன்றே. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். போனவுடன் பானட்டின்மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவது மேல். குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதில் காட்டும் தயக்கமும் கக்கும் புகையுமே அதன் உண்மையான ஆரோக்கியத்தைக் காட்டும். கிளம்பியபின் நீலப்புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகை, டீசல் முழுதும் எரியாமையைக் குறிக்கும். குளிர்காலத்தில் சிறிது நேரம் வரும் வெண்மை நீராவியே. எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிடில், குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தையும் ஆயில் குச்சியையும் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் நுரை படிந்திருந்தால் ஆயிலில் நீர் சேர்ந்திருக்கக்கூடும். அத்தகைய வண்டியை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்கலாகாது. டீசல் எஞ்சினின் ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே அது கறுத்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பட்டை நன்றாயிருந்தும் வயது முதிர்ந்த டயர், பாரம் ஏற்றிய கோடை நாளில் வெடிப்பதுண்டு. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் சரியில்லை. குனிந்து அடியில் பாருங்கள். லோடு வண்டியின் சேஸிஸில் பற்றவைத்த தழும்பும் புதுப்பெயின்ட்டும் சேர்ந்து தென்பட்டால், அளவுக்கு மீறிப் பாரம் சுமந்த வண்டி என்று கொள்ளலாம். மீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்ட, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா? மிதியை நம்புங்கள். ரொக்க இருப்பும் பேரேடும் ஒத்துவராத சங்கத்தில் எதை நம்புவோமோ, அதே நியாயம் இங்கும்.

இத்தனையும் பார்த்தவர்கள்கூட ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்பதில் அலட்சியமாக இருக்கின்றனர். அதிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்துள்ள எண்ணோடு ஒப்பிடுவது அவசியம். கடன் பதிவு இருந்தால், கடன் கொடுத்தவரின் சம்மதத்தோடு படிவம் 35 பெற்று அதை நீக்கிய பிறகே முழுப் பணத்தையும் தரவேண்டும். வியாபாரத்துக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பெறவேண்டியது. அதன் தேதியையும் பாருங்கள்.

பெயர் மாற்றமே எல்லாவற்றிலும் தலையாய விஷயம். வாங்குகிறவரைவிட விற்கிறவருக்கே இதில் ஆபத்து அதிகம் என்பதைப் பலர் உணர்வதில்லை. 2007-இல் ஒருவர் தம் காரை விற்றார். பதிவில் பெயர் மாறாமலே அது பல கைகள் மாறிற்று. 2009-இல் அந்தக் கார் பின்னோக்கி வந்து மோதியதில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. விற்று ஏறத்தாழ இரண்டாண்டு கழிந்தும், காரைக் கண்ணால் காணாதவரும், அதன் பாரத்தைச் சுமக்க நேர்ந்தது. பிள்ளையை இழந்த குடும்பம் ஒவ்வொரு கைமாற்றத்தையும் துருவித் தேடிக்கொண்டு அலைய முடியாது என்ற அளவில் அத்தீர்ப்பு நியாயமானதே என்று கருதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கான படிவங்கள் 29, 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. அது வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திடுவதற்குச் சமம். வாங்குகிறவர் இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோரவேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு தொடரும்; தம் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஈடு கேட்கும் உரிமை, பெயர் மாறாதவரை கிட்டாது.

விளைவிப்போர்க்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நாற்று நடவும் அறுவடைக்கும் ஆட்களை லோடு வண்டியின் பின்புறம் ஏற்றிச் செல்வது எங்கும் காணும் காட்சி. சரக்கு வண்டியில் இனாமாகச் செல்லும் பயணிகளுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என 2002-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1994-இல் செய்த திருத்தம், சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ உடன் செல்வதற்கு மட்டுமே இடம் தருகிறது. வண்டி கவிழ்ந்தால் பத்துக் குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும். அவர்களுக்கு ஈடு செய்ய வண்டிக்காரரின் காணியும் போதாது. ஆட்களுக்கு மினிபஸ்ஸோ வேனோ அமர்த்துவதே முறை.

பராமரிப்பில் நீண்ட உபதேசம் தேவையில்லை. ஆயிலை வண்டியுடன் வந்த கையேட்டில் கண்ட கிலோமீட்டரிலோ மாதக் கெடுவிலோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றுக. வயல்பாதைப் புழுதியில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும், கூலண்ட்டே ஊற்றுக. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையது. ஈரமேறிய ஆயில் மலையிறக்கத்துச் சூட்டில் கொதித்து, மிதி வெறுமனே அமுங்கிப் போகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதோடு, இறக்கத்தில் கியரைக் குறைத்தே இறங்குக. டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடும் சிக்கனத்தை நான் சிக்கனமாகக் கருதுவதில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வண்டியிலேயே வைத்து, தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு ஆகியவற்றை எழுதி வருக. பில்களையும் அதிலேயே செருகி வைக்கலாம். நாளை நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவர் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைக் கேட்கட்டும்.