கடல் ஒளி குடியிருக்கும் அறை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியின் வடகரையில் இருக்கிறது செயின்ட் ஐவ்ஸ் என்ற சிற்றூர். அங்கே போர்த்மியர் கடற்கரையை ஒட்டி நிற்கும் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் மீனவர்களுடையது. வலைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் வைக்கும் இடம். மேல்தளம் ஓவியர்களுடையது. ஒரு காலத்தில் அந்த மாடிகளும் மீன்பிடித் தொழிலுக்கானவைதான். 1877இல் ஊருக்கு ரயில் வந்தது, வெளியூர் ஓவியர்களும் வந்தார்கள். மத்தி மீன்பாடு குறைந்து மாடிகள் காலியாக, ஓவியர்கள் அவற்றை வாடகைக்கு எடுத்தார்கள். வடபுறத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வைத்தார்கள். பென் நிக்கல்சன், பேட்ரிக் ஹெரான் போன்றோர் பின்னாளில் அங்கே வேலை செய்தவர்கள். சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1939இல் இந்தப் பகுதிக்கு வந்து, 1975இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

இங்கே வந்த ஓவியர்கள் பலரும் சொன்ன ஈர்ப்பு ஒன்று: இந்த ஊரின் ஒளி. அந்த ஒளியை இயற்பியலால் விளக்க முடியும். விளக்க முடிவதால்தான், கடலே தெரியாத ஓர் அறைக்குள்ளும் அதன் இயல்பில் ஒரு பங்கைக் கொண்டுவர முடிகிறது. நீல வெள்ளைக் கோடு போட்ட மெத்தையுறை, சங்கு ஒட்டிய கண்ணாடி, சுவரில் ஒரு நங்கூரம் என்று கடைகளில் விற்கும் ‘கடற்கரை அலங்காரம்’ தொடாத இடம் அது.

ஊரின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். செயின்ட் ஐவ்ஸின் பழைய பகுதி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையை ஒட்டியது. ஏறக்குறைய மூன்று பக்கமும் நீர். உச்சியிலிருந்து நேராக விழும் சூரிய ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் அமைதியான நீர்ப்பரப்பு திருப்பி அனுப்பும்; மற்றது உள்ளே இறங்கிவிடும். ஒளி சாய்வாக விழ விழ, திரும்பும் பங்கு ஏறிக்கொண்டே போகும். செயின்ட் ஐவ்ஸ் 50 பாகை வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானுக்குமேல் 16 பாகை அளவே உயர்கிறது. அந்தச் சாய்வில் அமைதியான நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒளியைத் திருப்பும். சூரியன் 5 பாகைக்கு இறங்கும்போது பாதிக்கும் மேல் திரும்பிவிடும். ஆக, அந்த ஊருக்கு ஒளி மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது.

கடற்கரை மணலும் இதற்குத் துணை. கார்ன்வாலின் பல கடற்கரைகளில் மணலோடு நொறுங்கிய சிப்பித் துகள் ஏராளமாகக் கலந்திருக்கிறது. உழவர்கள் அதை அள்ளி வயலுக்கு உரமாகப் போட்ட காலமுண்டு. வெளிறிய அந்த மணலில் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. நிழல் விழுந்த இடத்துக்கும் இப்படிச் சுற்றிவந்த ஒளி போய்ச் சேர்வதால், அங்கே நிழல் கருப்பாக இறுகுவதில்லை. அதற்குள்ளும் நிறம் தெரிகிறது. ஓவியர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இனி அறைக்குள் வருவோம். உள்ளே நுழையும் ஒளி ஒரு சுவரில் பட்டவுடன் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு பங்கைச் சுவர் விழுங்கும். மிச்சம் எதிர்ச்சுவருக்குப் போகும். அங்கிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து தரைக்கு. எல்லாப் பரப்பும் பாதி ஒளியைத் திருப்பும் அறையில், இந்தச் சுற்றுகளையெல்லாம் கூட்டினால், உள்ளே வந்ததைப் போல் 2 மடங்கு ஒளி பரப்புகளில் படுகிறது. 85 சதவீதம் திருப்பும் வெள்ளை அறையிலோ அது கிட்டத்தட்ட 6.7 மடங்கு. பரப்புகளின் வெண்மை இரண்டு மடங்குகூட ஆகாதபோதே, அறையின் ஒளி மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. நிஜ அறையில் மேசையும் அலமாரியும் ஜன்னலும் இதில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், போக்கு மாறாது.

வண்ணத்துக்கும் இதே கணக்குதான், கூட்டுவட்டியைப் போல. நீலத்தில் 80 சதவீதமும் சிவப்பில் 60 சதவீதமும் திருப்பும் வெளிர்நீலப் பெயின்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பட்டுத் திரும்பிய ஒளியில் நீலம் சிவப்பைவிட 1.33 மடங்கு. மூன்றுமுறை சுவர்மாறிச் சுவரில் பட்ட ஒளியில் அது 2.37 மடங்கு. ஷேட் கார்டில் மெல்லிய நீலமாகத் தெரிந்தது, நான்கு சுவரிலும் அடித்தபின் அடர்ந்து குளிர்ந்துபோவது இதனால்தான்.

இதைக் கண்ணாலேயே உணர்ந்து வீடாக்கிக் காட்டியவர் ஜிம் ஈட். லண்டன் டேட் கலைக்கூடத்தில் பணியாற்றியவர். பென் நிக்கல்சனின் நண்பர். செயின்ட் ஐவ்ஸில் ஆல்ஃபிரட் வாலிஸ் என்ற முதியவர், எழுபது வயதையொட்டி, மனைவியை இழந்த தனிமையில், கிடைத்த அட்டைத் துண்டுகளில் படகுக்கு அடிக்கும் பெயின்டால் கப்பல்களை வரைந்துகொண்டிருந்தார். 1928இல் நிக்கல்சனும் ஓவியர் கிறிஸ்டபர் வுட்டும் அவரைக் கண்டடைந்தார்கள். ஈட் அந்த ஓவியங்களைத் தபாலில் வரவழைத்து வாங்கினார். 1957இல் கேம்பிரிட்ஜில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கி ‘கெட்டில்ஸ் யார்ட்’ என்ற இல்லத்தை அமைத்தார். ஊர் உள்நாட்டில், ஜன்னலில் கடல் இல்லை. ஆனால் சுவர்கள் வெள்ளை, தரை மரம், மேசைமேல் சுருள்வட்டமாக அடுக்கிய உருண்டைக் கூழாங்கற்கள். ஈயக்கலவைத் தட்டில் ஒற்றை எலுமிச்சை. சுவரில் மாட்டிய மிரோ ஓவியத்தின் மஞ்சள் பொட்டுக்குப் பதில் சொல்வதுபோல. வெண்பரப்பில் ஒளி சுற்றித் திரிய, அத்தனை சிறு நிறமும் அங்கே கண்ணில் படுகிறது.

பொருள்களைத் தேர்வதிலும் செயின்ட் ஐவ்ஸ் ஒரு பாடம் வைத்திருக்கிறது: நிறத்தைப் பொருளே தரட்டும். கடற்கரையில் கிடக்கும் மரக்கட்டை வெள்ளிச் சாம்பலாவது ஏன்? மரத்தின் பழுப்புக்குக் காரணமான லிக்னினை வெயிலின் புறஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன; நீர் அதைக் கழுவிக்கொண்டு போகிறது; வெளிறிய செல்லுலோஸ் நிற்கிறது. 1920இல் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியர் ஷோஜி ஹமடாவும் இங்கே தொடங்கிய மண்பாண்டக் கூடத்திலும் நிறம் வேதியியலிலிருந்தே பிறந்தது. மேற்பூச்சில் சிறிதளவு இரும்பு இருந்து, சூளையில் ஆக்சிஜன் குறைந்தால், செலடன் எனப்படும் சாம்பல்பச்சை வரும். இரும்பு 8, 10 சதவீதமானால் டென்மோக்கு எனப்படும் கரும்பழுப்பு. கடலின் பச்சையும் பாறையின் கருமையும் ஒரே தனிமத்தின் இரு முகங்கள்.

இதில் நமக்கு எது பொருந்தும்? செயின்ட் ஐவ்ஸின் வடக்கு ஜன்னலை அப்படியே இங்கே வைத்தால் ஏமாற்றமே. சென்னை 13 பாகை அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. வடக்கு ஜன்னலுக்கும் மேலே ஒரு நல்ல சன்ஷேடு வேண்டும். நம் உச்சிவெயில் நேராக அறைக்குள் வருவது குறைவு. முற்றத்திலும் தாழ்வாரத் தரையிலும் பட்டு, எழும்பி, கூரையின் உட்புறத்தில் மோதி அறைக்குள் பரவுகிறது. ஆகவே இங்கே முதலில் வெண்மையாக வேண்டியது கூரை; ஜன்னலைச் சுற்றிய சுவரும் வெளிறியிருந்தால் கண் கூசுவது குறையும்.

வெண்மைக்கும் வெகுதூரம் போக வேண்டாம். நம் கடற்கரையில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, சுவரில் ஏறியபின் காற்றின் கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. கார்ன்வாலின் மணலை வெளிறச் செய்யும் சிப்பித் துகளும் அதே பொருள்தான். வீட்டை அலங்கரிக்க நினைப்பவர் கடைக்குப் போகுமுன், வெற்று அறையில் காலை, நண்பகல், மாலை என்று ஒளி எங்கே விழுந்து எங்கே திரும்புகிறது என்று பார்க்கட்டும். பிறகு பரப்பு, அதன்பின் நிறம், கடைசியாகப் பொருள். செயின்ட் ஐவ்ஸின் கலைஞர்களும் மீனவர் மாடிகளில் ஒளிக்காகப் பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள். எந்த ஊரிலும், எவ்வளவு சிறிய அறையிலும் இந்த வரிசை செல்லும்.