ஊட்டி குளிரில் கார் ஸ்டார்ட் ஆகலையா? பழியைப் பனி மேல போடாதீங்க... காரணம் நம்ம ஊர் வெயில்!

டிசம்பர், ஜனவரி வந்தாலே திருப்பூரில் இருந்து ஊட்டிக்குக் கிளம்பும் கார்கள் அதிகம். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த கையோடு அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். காரில் ஏறி சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்...' சத்தம் மட்டும்தான் வரும்!

"குளிருக்கு வண்டி செத்துப்போச்சு" என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். ஆனால் உண்மை வேறு. பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில்தான். குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

வெயில் எப்படி பேட்டரியைக் கெடுக்கிறது?

கார் பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும், அமிலம் கலந்த நீரும் இருக்கின்றன. சூடு ஏற ஏற உள்ளே ரசாயன வேலை வேகமாகும். நீர் வற்றும், தகடு அரிக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் சுமார் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஏப்ரல் மாதத்தில் கம்பெனி வாசலில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் இருந்து கம்பெனி, கம்பெனியில் இருந்து டையிங், அங்கிருந்து பிரிண்டிங் என்று 2 கி.மீ., 3 கி.மீ. ஓட்டம்தான் இங்கே அதிகம். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் பேட்டரி செலவழிக்கும் சக்தி, அந்தக் குட்டி ஓட்டத்தில் முழுசாகத் திரும்ப ஏறுவதில்லை.

அப்போ திருப்பூரில் ஏன் தெரியவில்லை?

இங்கே மார்கழி காலையில்கூட இன்ஜின் அவ்வளவாகக் குளிர்ந்துபோவதில்லை. அரைகுறை பேட்டரியே ஸ்டார்ட் செய்துவிடும். ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் குளிர்காலத்தில் வெப்பநிலை 0 டிகிரியைத் தொடும். அந்தக் குளிரில் நல்ல பேட்டரியே தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகிவிடுவதால், இன்ஜினைச் சுற்ற வழக்கத்தைவிட அதிக கரண்ட் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும்? அதுதான் நடக்கிறது.

"நாலு மணி நேரம் ஓட்டித்தானே வந்தோம், சார்ஜ் ஏறியிருக்குமே?" என்று கேட்கலாம். தூர்வாராத குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் குளம் நிரம்பும், ஆனால் பாதி சேறுதான். பழைய பேட்டரியும் அப்படித்தான். மீட்டரில் ஃபுல் என்று காட்டும், உள்ளே கொள்ளளவு இருக்காது.

முதலில் சத்தத்தைக் கேளுங்க

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பாதி விஷயத்தை காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

1. 'டிக் டிக்' சத்தம், அல்லது இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது: பேட்டரி வீக். ஹெட்லைட்டைப் போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். லைட் மங்கினால் பெரும்பாலும் பேட்டரி, இல்லையென்றால் டெர்மினல்.

2. சத்தமே இல்லை, ஆனால் லைட் பளிச்சென எரிகிறது: ஸ்டார்ட்டர் மோட்டார், ரிலே அல்லது வயரிங் பிரச்சினையாக இருக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் 'பார்க்' அல்லது 'நியூட்ரலில்' இருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் ரிமோட் சாவியின் பேட்டரியும் காரணமாகலாம். பல கார்களில் சாவியை பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும்.

3. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை: பேட்டரி மேல் தப்பில்லை. பெட்ரோல் கார் என்றால் பிளக், ஃபியூயல் பம்ப். டீசல் கார் என்றால் ஹீட்டர் பிளக், டீசல் ஃபில்டர்.

உடனே என்ன செய்யலாம்?

ஹெட்லைட், புளோயர், பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கிளட்ச்சை முழுசாக மிதியுங்கள். குளிரில் கெட்டியான கியர் ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் வேலை இன்ஜினுக்குக் குறையும். 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

டீசல் கார் என்றால் சாவியை பாதி திருப்பியதும் மீட்டரில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும் வரை பொறுங்கள். சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்கள் மலை ஏறும்போது பெட்ரோல் டேங்கை காலியாக விடாதீர்கள். பல கார்கள் குளிரில் பெட்ரோலில்தான் முதலில் ஸ்டார்ட் ஆகும்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளை, பச்சை நிறத்தில் பூத்திருக்கிறதா, கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். இறுக்கினாலே சில நேரம் வேலை முடிந்துவிடும்.

ஜம்ப் ஸ்டார்ட்: வரிசை முக்கியம்

பக்கத்து கார்க்காரர் உதவிக்கு வந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு காரும் ஒன்றையொன்று தொடாமல் ஆஃப் நிலையில் இருக்கட்டும்.

1. சிவப்பு வயர்: நம்ம பேட்டரியின் பிளஸ்.
2. அதன் மறுமுனை: நல்ல பேட்டரியின் பிளஸ்.
3. கறுப்பு வயர்: நல்ல பேட்டரியின் மைனஸ்.
4. அதன் மறுமுனை: நம்ம காரில் பேட்டரியைவிட்டு தள்ளி, பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பு.

கடைசி முனையை பேட்டரியிலேயே வைத்தால் பொறி பறக்கும். பேட்டரியில் இருந்து வரும் ஹைட்ரஜன் வாயு அதில் தீப்பிடிக்கலாம். பிறகு நல்ல காரை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, நம்ம காரை முயலுங்கள். ஸ்டார்ட் ஆனதும் வயர்களை 4, 3, 2, 1 என்று தலைகீழாகக் கழற்ற வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான 2 தப்பு

மலையில் பலரும் செய்வது, காரை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது. இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி நின்றுவிடும். பிரேக் கல் மாதிரி இறுகும், ஸ்டீயரிங் கனக்கும். வண்டி பற்றாமல் வேகம் எடுத்தால் கொண்டை ஊசி வளைவில் நிறுத்த முடியாது. தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் சமதளத்தில் மட்டும், மேனுவல் கியர் காரை மட்டும். ஆட்டோமேட்டிக் காரை தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது.

இரண்டாவது, மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு சூடேற்றுவது, ஹீட்டர் போட்டுக்கொண்டு காருக்குள் தூங்குவது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?

எத்தனால் குளிரில் பெட்ரோல் போல சீக்கிரம் ஆவியாகாது என்பது உண்மை. முழுக்க எத்தனாலில் ஓடிய பிரேசில் கார்களில், குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே தனியாக ஒரு சின்ன பெட்ரோல் டேங்க் வைத்தார்கள். ஆனால் 20 சதவீத கலவையில் மீதி 80 சதவீதம் பெட்ரோல்தானே! ஊட்டி குளிருக்கு அது முக்கியக் காரணம் இல்லை.

டீசல் உறைவதும் கடும் குளிரில்தான் பெரிய பிரச்சினை. லடாக் போன்ற இடங்களுக்காக மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகம் செய்தது. நீலகிரிக்கு அந்த அளவு கவலை வேண்டாம்.

கிளம்பும் முன்னாடியே பார்த்துடுங்க

பேட்டரிக்கு 3 வயது தாண்டிவிட்டதா? மலை ஏறுவதற்கு முன் பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், சில நிமிட வேலைதான். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல் சார்ஜ். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். லோடு கொடுக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஆயிலையும் கவனியுங்கள். டப்பாவில் 'டபிள்யூ' எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் எவ்வளவு குறைவோ, குளிரில் அவ்வளவு எளிதாக ஓடும். கார் கம்பெனி 5டபிள்யூ-30 என்று சொல்லியிருக்க, விலை குறைவு என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் ஊட்டி காலையில் தெரியும்.

ராத்திரி காரை திறந்த புல்வெளியில் விடாமல் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். கண்ணாடியில் பனி படிந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்த்திருந்தால், அந்த எண்ணை போனில் சேமித்துக்கொண்டு கிளம்புங்கள்.