காணை ரேஷன் கடைக்கு உங்கள் விரலை எப்படித் தெரியும்?

காணை ரேஷன் கடையில் மெஷின் மேல் விரலை வைக்கிறீர்கள். சில நொடிகளில் பில் வந்துவிடுகிறது. உங்கள் ரேகை அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கிறதா? இல்லை. பிறகு எப்படி?

புதிதாக ஒரு பெண் மளிகைக் கடையில் கடன் கேட்கிறாள் என்று வையுங்கள். கடைக்காரர் அவள் சொன்ன வீட்டுக்குப் போன் போடுகிறார். "எங்க வீட்டுப் பொண்ணுதான், குடுங்க" என்று பதில் வருகிறது. வீட்டுக் கதை எதுவும் அவருக்குத் தேவையில்லை.

மெஷினும் அப்படித்தான். ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே பிரிகின்றன என்ற விவரத்தைச் சங்கேதமாக்கி ஆதார் ஆணையத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே உங்கள் 12 இலக்க எண்ணோடு பதிவான ரேகையுடன் ஒப்பிடுகிறார்கள். திரும்பி வருவது 'ஆம்' அல்லது 'இல்லை'. பதிவான ரேகை கடைக்கு வருவதே இல்லை.

ஆள் நீங்கள்தான் என்று மட்டுமே அந்தச் சர்வர் சொல்லும். உங்களுக்கு எத்தனை கிலோ அரிசி என்பதை உணவு வழங்கல் துறையின் கணக்குதான் முடிவு செய்யும்.

ஜாங்கோ போன்ற மென்பொருள் கட்டமைப்பில் எழுதிய இணையதளமும் இப்படி வெளிச் சர்வரைக் கேட்கலாம். 'கூகுள் கணக்கு மூலம் நுழைக' என்பதை அழுத்தினால், கடவுச்சொல்லை கூகுள் மட்டுமே பார்க்கிறது. தளத்துக்குக் கிடைப்பது கையொப்பமிட்ட ஓர் அத்தாட்சி. தளத்தில் திருடன் புகுந்தாலும் உங்கள் கடவுச்சொல் அங்கே இருக்காது.

ஆனால் ரேஷன் கடையில் சிக்னல் போனால் கேள்வியே போய்ச் சேராது. கரும்பு வெட்டுபவர்களின் தேய்ந்த விரலுக்கு 'இல்லை' என்றும் வரலாம். அதற்காக அவர்களை வெறும் பையோடு அனுப்புவது அநியாயம். கருவிழிப் பதிவு போன்ற மாற்று வழி ஒவ்வொரு கடையிலும் இருந்தே ஆக வேண்டும்.