கரண்ட் போனால் கைகொடுக்கும் டீசல் வெல்டிங் செட்: வயரை மாற்றி சொருகினால் லைன்மேன் உயிருக்கு உலை!

உடையார்பாளையம்:

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து ஜனங்களுக்கு மழைக் கவலையோடு கரண்ட் கவலையும் சேர்ந்துகொள்ளும். ரோட்டோரத்து புளியமரக் கிளை ஒன்று முறிந்து லைன் மேல் விழுந்தால் போதும், ராத்திரி முழுக்க இருட்டுதான். இது போக மாதாந்திர பராமரிப்பு என்று சொல்லி காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயந்திரம்தான் கரண்ட் முகத்தை பார்க்க முடியும்.

இந்த நேரத்தில்தான் பட்டறை வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். 'டீசல் வெல்டிங் செட் சும்மாதானே கிடக்கு, அதுல ஒரு வயரை இழுத்து வீட்டுக்கு லைட் போட்டா என்ன?'

தாராளமாக போடலாம். ஆனால் அந்த மிஷினில் எந்த இடத்தில் இருந்து கரண்ட் எடுக்கிறோம், எடுத்த வயரை எங்கே கொண்டுபோய் மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அது தெரியாமல் செய்தால் பிரிட்ஜ் புகையும். அதைவிட மோசம், எங்கேயோ கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் உயிர் போகும்.

எல்லா வெல்டிங் மிஷினும் ஜெனரேட்டர் ஆகாது

பட்டறைகளில் சாதாரணமாக பார்க்கிற டிரான்ஸ்பார்மர் வெல்டிங் மிஷினும், தோளில் மாட்டிக்கொண்டு போகிற சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினும் ஈ.பி. கரண்டில் ஓடுபவை. கரண்ட் போனால் அவையும் சேர்ந்து படுத்துவிடும். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பல்பு கூட எரிக்க முடியாது.

இங்கே பேசுவது டீசல் என்ஜினோடு சேர்ந்து வரும் வெல்டிங் செட். வயல் நடுவில் ஷெட் போடும் வேலை, பாலம் வேலை, பைப் லைன் வேலை என்று கரண்டே இல்லாத இடத்துக்கு டிராலியில் இழுத்துப்போவார்களே, அதுதான். என்ஜின் சுற்ற, அது ஒரு ஆல்டர்னேட்டரை சுற்ற, வெல்டிங் கரண்ட் பிறக்கும். கிரைண்டிங் மிஷின், டிரில்லிங் மிஷின் மாட்டுவதற்காக பல செட்களில் 230 வோல்ட் சாக்கெட் ஒன்றும் தனியாக வைத்திருப்பார்கள். வீட்டுக்கு உதவுவது அந்த சாக்கெட் மட்டும்தான். சாக்கெட்டே இல்லாத செட்டாக இருந்தால் வெல்டிங்கோடு அதன் வேலை முடிந்தது.

ஹோல்டரில் வருவது வேறு கரண்ட்

'அதான் வெல்டிங் ஹோல்டர்லயே கரண்ட் வருதே, அதை இழுத்தா என்ன' என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. ராடு பிடிக்காமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 50 முதல் 100 வோல்ட் வரை நிற்கும். ராடை வைத்து இழுத்தால் அது 25, 30 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆம்பியர் மட்டும் 100, 200 என்று பாயும். வீட்டு சாமான்களுக்கு வேண்டியதோ நேர் எதிர்: 230 வோல்ட், கொஞ்சம் ஆம்பியர். மடை திறந்த வெள்ளத்தை பார்த்து தண்ணீர் நிறைய வருகிறதே என்று அதை மாடி டேங்குக்கு ஏற்ற முடியுமா? அந்த மாதிரி.

போதாக்குறைக்கு பல செட்களில் வெல்டிங் கரண்ட் டி.சி.யாக வரும். சில பழைய மாடல்களில் பக்கத்து சாக்கெட்டில் வருவது கூட டி.சி.தான். அமெரிக்காவில் பைப் லைன் வெல்டர்கள் பல காலமாக வைத்திருக்கும் 'லிங்கன் எஸ்.ஏ.200' மிஷினே அதற்கு உதாரணம். அதன் சாக்கெட்டில் சுமார் 115 வோல்ட் டி.சி. வரும். குண்டு பல்பு அதில் ஜோராக எரியும். அதே சாக்கெட்டில் மோட்டார் உள்ள பிரிட்ஜை மாட்டினால் காயில் கருகிவிடும். அதனால் பழைய செட், செகண்ட் ஹேண்ட் செட் வாங்கியவர்கள் சாக்கெட்டில் வருவது ஏ.சி.யா டி.சி.யா, 230-ஆ 110-ஆ என்பதை முதலில் மல்டிமீட்டர் வைத்து பார்த்துவிட வேண்டும். டெஸ்டரில் லைட் எரிகிறது என்பதை நம்பி இறங்கக்கூடாது.

எவ்வளவு தாங்கும்?

மிஷின் மேல் 200 ஆம்பியர் என்று போட்டிருப்பது வெல்டிங் கணக்கு. சாக்கெட்டின் கணக்கு தனியாக தகட்டில் இருக்கும். 2 கே.வி.ஏ., 3 கே.வி.ஏ., பெரிய செட்டாக இருந்தால் 5 கே.வி.ஏ. என்று.

3 கே.வி.ஏ. இருந்தாலே சாதாரண குடும்பத்துக்கு தாராளம். பேன் ஒன்றுக்கு 75 வாட்ஸ், எல்.இ.டி. பல்புக்கு 9 வாட்ஸ். ராத்திரியில் தறியில் உட்காரும் பட்டு நெசவாளிக்கு வேண்டியது இரண்டு பல்பும் ஒரு பேனும்தான். அதற்கு 100 வாட்ஸ் ஆகாது. மிக்சிக்கு 500 முதல் 750 வரை போகும். அயர்ன் பாக்ஸ் 1000.

தொல்லை கொடுப்பது மோட்டார்கள்தான். பிரிட்ஜ் ஓடும்போது 200 வாட்ஸுக்குள் அடங்கினாலும் ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் பல மடங்கு இழுக்கும். 1 எச்.பி. தண்ணீர் மோட்டாருக்கு ஓடுவதற்கு 746 வாட்ஸ் என்றால், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் வேண்டும். என்ஜின் முக்கும், லைட் எல்லாம் மங்கும். ஆகையால் மோட்டாரை முதலில் தனியாக கிளப்பிவிட்டு, அது சீரான பிறகு மற்றதை போடுவதே நல்லது. போர்வெல்லில் இருக்கும் 5 எச்.பி. திரீ பேஸ் மோட்டாரை சிங்கிள் பேஸ் சாக்கெட்டில் ஓட்டலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

இன்னொன்று, வீட்டுக்கு கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போது அதே செட்டில் ராடு பிடிக்கக்கூடாது. ராடு ஒட்டும்போதும் விடும்போதும் வோல்டேஜ் எகிறி இறங்கும். டி.வி., கம்ப்யூட்டர் தாங்காது.

டீசல் மிச்சம் பிடிக்கப் போய்...

பேனும் லைட்டும்தானே ஓடுகிறது என்று ஆக்சிலேட்டரை குறைத்து வைப்பவர்கள் உண்டு. இது பெரிய தப்பு. நான்கு போல் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். வேகம் குறைந்தால் ஹெர்ட்ஸும் வோல்ட்டும் சேர்ந்தே இறங்கும். பிரிட்ஜ் 'ம்ம்ம்' என்று உறுமியபடி கிளம்ப முடியாமல் சூடாகும். வேலை இல்லாதபோது தானாக வேகத்தை குறைத்துக்கொள்ளும் வசதி உள்ள செட்களில், வீட்டுக்கு எடுக்கும்போது அந்த சுவிட்சை ஆப் செய்துவிட வேண்டும்.

உயிரை குடிக்கும் இரட்டை பிளக்

இனி சொல்லப்போவதுதான் முக்கியம்.

இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு வயரை தயார் செய்து, ஒரு முனையை செட்டிலும் மறு முனையை வீட்டு சுவிட்ச் போர்டிலும் சொருகிவிடும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. வீடு முழுக்க பளிச்சென்று எரியும். பார்க்க சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாக பின்பக்கமாக ஏறி தெரு லைனுக்கு போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்கு போகும். 11,000 வோல்ட்டை நம் வீட்டு கரண்டாக இறக்கித் தரும் அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கம் இருந்து 230 கொடுத்தால் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும்.

தெருவில் உள்ள வீடுகள் எல்லாம் லைனில் இருந்தால், அத்தனை சுமையையும் தாங்க முடியாமல் செட்டே முக்கி நின்றுவிடும் என்பது உண்மைதான். அதை நம்பி இருக்க முடியாது. புயலில் கம்பி அறுந்து ஒன்றிரண்டு வீடு மட்டும் லைனோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சுமை குறைவு, செட் பாட்டுக்கு ஓடும். கம்பி உயிரோடு இருக்கும். பராமரிப்பு நாளிலோ கேட்கவே வேண்டாம். கரண்ட் நிறுத்தியிருப்பதே ஆட்கள் கம்பத்தில் ஏறுவதற்காகத்தான். வேலைக்கு முன்பு லைனை எர்த் செய்ய வேண்டும் என்ற விதி மின்வாரியத்தில் இருக்கிறது. மழையிலும் அவசரத்திலும் அது ஒரு இடத்தில் தவறினால் போதும்.

2018 நவம்பர் 16-ந்தேதி வேதாரண்யம் அருகே கரையை கடந்த கஜா புயலில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்களில் ஜெனரேட்டரை வைத்துத்தான் மேல்நிலை தொட்டிக்கு தண்ணீர் ஏற்றினார்கள், செல்போனுக்கு சார்ஜ் போட்டார்கள். அதே நேரத்தில் வெளி மாவட்டங்களில் இருந்து வந்த மின் ஊழியர்கள் அந்த ஊர்களின் கம்பங்களில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று வெளியூர்க்காரருக்கு எப்படி தெரியும்?

இரட்டை பிளக்கில் வீட்டுக்காரருக்கும் ஆபத்து உண்டு. செட் ஓடும்போது ஒரு பக்க பிளக் கழன்றால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளை முனைகளில் 230 வோல்ட் இருக்கும். குழந்தை கை வைத்தால் அவ்வளவுதான். செட் ஓடிக்கொண்டிருக்கையில் ஈ.பி. கரண்ட் திரும்பி வந்தால் இரண்டும் மோதி ஆல்டர்னேட்டர் புகைந்துவிடும்.

'மெயினை ஆப் பண்ணிட்டுத்தானே போடுறோம்' என்பார்கள். இருட்டில், மழையில், தூக்கக் கலக்கத்தில் ஒரு நாள் மறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சேஞ்ச் ஓவர் சுவிட்ச்

இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. மெயின் போர்டு பக்கத்தில் ஒரு டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் ஈ.பி., மறு பக்கம் தள்ளினால் செட், நடுவில் ஆப். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. பேசையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் சுவிட்சாக இருக்க வேண்டும். நியூட்ரலை அப்படியே விட்டு பேசை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துத்தான் மாட்ட வேண்டும். செட்டின் பாடிக்கு எர்த் கம்பி கொடுக்கவும் அவரிடமே சொல்லிவிடலாம்.

அதுவரைக்கும் வீட்டு வயரிங்கை தொடாமல், செட்டின் சாக்கெட்டில் தடிமனான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, அதில் நேராக பிரிட்ஜையும் பேனையும் சொருகிக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆபத்தும் கிடையாது.

மழை என்று செட்டை திண்ணைக்கோ உள் ஷெட்டுக்கோ இழுத்து வந்துவிடுகிறார்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஜன்னலை திறந்து வைத்தாலும் பத்தாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். செட் வெளியேதான் நிற்க வேண்டும், மழை படாமல் மேலே ஒரு தகரம், ஜன்னலை விட்டு தள்ளி. டீசல் ஊற்றும்போது என்ஜினை நிறுத்தி ஆறவிட வேண்டும்.

கட்டுப்படி ஆகுமா?

சின்ன செட் என்றாலும் சுமையை பொறுத்து மணிக்கு அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். 2022-ல் இருந்து டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல்தான். ராத்திரி முழுக்க ஓட்டினால் ஒரு நாள் கூலியே போய்விடும். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலத்தில், டீசலுக்கே சம்பாதித்து கொட்டிய பட்டறைகள் எத்தனையோ.

விவரமானவர்கள் விட்டு விட்டு ஓட்டுவார்கள். கதவை திறக்காமல் வைத்தால் பிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். அதற்குள் டேங்குக்கு தண்ணீர் ஏற்றி, மாவு அரைத்து, போன்களுக்கு சார்ஜ் போட்டுவிடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பிளக்கையும் சாக்கெட்டில் மாட்டலாம். மூன்று மணி நேரத்தில் 150 ஏ.எச். பேட்டரியில் கால்வாசி ஏறும். இரண்டு பல்பு, ஒரு பேனுக்கு அது நான்கு மணி நேரத்துக்கு காணும். ஆனால் வெல்டிங் ஹோல்டரை நேராக பேட்டரியில் வைத்து சார்ஜ் ஏற்ற பார்க்காதீர்கள். பேட்டரி வெடிக்கும்.

தெருவில் கம்பி அறுந்து கிடந்தால், ஊரே இருட்டாக இருந்தாலும் பக்கத்தில் போகக்கூடாது. யார் வீட்டு செட் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறதோ! மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-ல் 24 மணி நேரமும் தகவல் சொல்லலாம்.